ஒரே கட்டுரையை ஏழு இடத்தில் தட்டச்சு செய்ய வைக்காதீர்கள்: ஆய்வாளர் புரொஃபைல் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பல்கலைக்கழகங்கள், தன்னாட்சிக் கல்லூரிகளின் பதிவாளர்கள், ஆராய்ச்சி டீன்கள், ஐ.க்யூ.ஏ.சி. என்ற உள்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர்கள், கணினி மையப் பொறுப்பாளர்கள்.

ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக் காலம் வந்தால் ஒரு சர்க்குலர், தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரப்போகிறது என்றால் இன்னொன்று, பதவி உயர்வு நேர்காணலுக்கு மற்றொன்று. மூன்றிலும் கேட்பது ஒன்றுதான்: என்னென்ன கட்டுரை வெளியிட்டீர்கள்? ஓர் ஆசிரியர் அதே கட்டுரையைத் துறையின் எக்செல் ஷீட்டில், ஐ.க்யூ.ஏ.சி. புரொஃபார்மாவில், பல்கலைக்கழகப் போர்ட்டலில், வித்வான் என்ற தேசிய ஆய்வாளர் தரவுத்தளத்தில், ஆய்வாளருக்கு உலகளாவிய அடையாள எண் தரும் ஆர்சிட்டில், நிறுவன இணையதளத்தில், பதவி உயர்வு விண்ணப்பத்தில் என்று ஏழு இடங்களில் தட்டுகிறார். ஏழு இடத்திலும் ஒன்றுபோல இருக்குமா? ஓரிடத்தில் ஆண்டு மாறும், ஓரிடத்தில் பக்க எண் விடுபடும், ஓரிடத்தில் இணை ஆசிரியர் காணாமல் போவார். பிறகு எது சரி என்று கண்டுபிடிக்க ஒரு குழு போடுவீர்கள். அந்தக் குழுவும் முதல் வேலையாக ஓர் எக்செல் ஷீட் அனுப்பும்.

நூலகங்களிலும் ஆராய்ச்சிப் பிரிவுகளிலும் இந்தப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். கேட்பது ஒன்றே. ஒரு வெளியீடு உங்கள் அமைப்புக்குள் ஒருமுறைதான் வரவேண்டும். வாசல் ஆர்சிட், சாவி டிஓஐ என்ற, கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண். மற்ற படிவங்கள் எல்லாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

ஆர்சிட் 2012 அக்டோபரில் தொடங்கியது. தனிநபருக்குக் கட்டணமில்லை. பொதுவில் திறந்து வைத்த விவரங்களை உங்கள் போர்ட்டல் படித்துக்கொள்ளவும் கட்டணமில்லை. ஆசிரியரின் அனுமதியோடு அவர் பதிவில் நீங்கள் எழுத வேண்டுமானால்தான் நிறுவனம் உறுப்பினராக வேண்டும். ஆகவே படிப்பதற்கு நிதி ஒப்புதல் கேட்டுக் கோப்பை அனுப்பத் தேவையில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஆசிரியர்களுக்காக அலுவலகமே மொத்தமாக ஆர்சிட் எண் உருவாக்கித் தருவது. பதிவு செய்பவர் அந்த ஆய்வாளராகவே இருக்கவேண்டும் என்பது ஆர்சிட்டின் விதி. மீறினால் ஒருவருக்கு இரண்டு எண் வந்து சேரும். அப்படி ஏற்கனவே இரண்டு இருந்தால், வைத்துக்கொள்ள விரும்பும் கணக்கில் நுழைந்து, கணக்கு அமைப்புகளில் மற்றதை இரட்டைப் பதிவு என்று நீக்கலாம். நீக்கிய எண் வைத்துக்கொண்ட எண்ணுக்கே திருப்பிவிடும்.

பெயரில்தான் பெரிய சிக்கல். நம் பெயரில் இனிஷியல் உண்டு, குடும்பப்பெயர் கிடையாது. உலகத் தரவுத்தளங்களோ பெயரை இரண்டாகப் பிளந்துதான் கேட்கும். எஸ். கவிதா என்று ஒருவர், அப்பா பெயர் சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டுரையில் முதற்பெயர்க் கட்டத்தில் எஸ், குடும்பப்பெயர்க் கட்டத்தில் கவிதா என்று நிரப்புகிறார்; தரவுத்தளம் ‘கவிதா, எஸ்.’ என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த இதழ் முழுப்பெயர் கேட்கிறது. முதற்பெயர் கவிதா, குடும்பப்பெயர் சுப்பிரமணியன் என்று தருகிறார். அது ‘சுப்பிரமணியன், கே.’ ஆகிவிடுகிறது. ஆய்வு செய்தவர் மகள், மேற்கோளில் நிற்பவர் அப்பா. மூன்றாவதில் முதற்பெயர் கவிதா, குடும்பப்பெயர் எஸ்; விளைவு ‘எஸ், கே.’ என்று யாருக்கும் அடையாளம் தெரியாத ஒருவர். திருமணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிக்கொண்டால் நான்காவது ஆளும் பிறந்துவிடுவார்.

செந்தில்குமார் என்பதைச் சேர்த்து எழுதினால் ஒரு பெயர். ஆங்கிலத்தில் இடைவெளி விட்டால் குமார் குடும்பப்பெயராகிவிடும். ‘குமார், எஸ்.’ என்ற கடலில் விழுந்த கட்டுரையை மீட்டெடுப்பது எளிதல்ல. தமிழரசன் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்பது உங்களுக்கே தெரியும்.

இதனால் ஆகும் இழப்பைக் கணக்காகவே சொல்லலாம். ஹெச்-இண்டெக்ஸ் 5 என்றால், குறைந்தது 5 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 5 இருக்கின்றன என்று பொருள். 12 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 12 மேற்கோள்கள் என்றால் ஹெச்-இண்டெக்ஸ் 12. அதே 12 கட்டுரைகள் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் மூன்று புரொஃபைல்களில் நான்கு நான்காகச் சிதறினால் ஒவ்வொன்றிலும் ஹெச்-இண்டெக்ஸ் 4-தான். மூன்றையும் கூட்டி 12 என்று போட முடியாது. அது கூட்டல் கணக்கு அல்ல.

வழி இருக்கிறது. ஆர்சிட்டில் முதற்பெயர் மட்டும்தான் கட்டாயம், குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். வெளியீடுகளில் வரவேண்டிய பெயர் என்று தனியாக ஒரு கட்டம் உண்டு, அதில் ‘எஸ். கவிதா’ என்று கொடுக்கலாம். வேறு பெயர்கள் என்ற கட்டத்தில் இதுவரை அச்சான எல்லா வடிவங்களையும், தமிழ் எழுத்தில் உள்ள பெயரையும் சேர்க்கலாம். உங்கள் போர்ட்டலிலும் இதே அமைப்பு வேண்டும். குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கிச் சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கும் போர்ட்டலில் ஆசிரியர்கள் ஒரு புள்ளி வைத்தோ, அதே பெயரை இரண்டு முறை அடித்தோ தப்பித்துக்கொள்கிறார்கள். அந்தப் புள்ளியும் தரவுதான்; பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து துடைக்கவேண்டும்.

புதிதாகப் பதிவு செய்யும் ஸ்காலருக்கு கைடு முதல் நாளே சொல்லவேண்டியது: எந்த வடிவத்தில் பெயர் போடுவாய் என்று இன்றே முடிவு செய், கடைசிவரை மாற்றாதே. ஏற்கனவே சிதறிய ஸ்கோபஸ் புரொஃபைல்களை அதன் ஆசிரியர் திருத்தப் படிவத்தில் இணைக்கக் கோரலாம். சில வாரம் பிடிக்கும். தரவு சமர்ப்பிக்கும் வாரத்தில் இந்தக் கோரிக்கையைப் போட்டுப் பயனில்லை.

அடுத்தது நிறுவன முகவரி. கிண்டி, சென்னை 600025 என்ற ஒரே அஞ்சல் எண்ணில் அண்ணா பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகமும் இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் இருக்கிறது. துறைப்பெயரையும் ‘கிண்டி வளாகம்’ என்பதையும் மட்டும் போட்டுவிட்டுப் பல்கலைக்கழகப் பெயரை விட்டால், கட்டுரை எந்தப் பக்கம் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்தை எம்.ஐ.டி. என்று மட்டும் சுருக்கினால் உலகத்துக்கு நினைவு வருவது வேறோர் எம்.ஐ.டி. நகரத்தின் ஆங்கிலப் பெயர் 1996-இல் சென்னை ஆனது. பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர் மெட்ராஸ் என்றே நின்றுவிட்டது. ‘யுனிவர்சிட்டி ஆஃப் சென்னை’ என்று அன்போடு மொழிபெயர்த்து எழுதுகிறவர் இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறார். அண்ணா பல்கலைக்கழகம் 2007-இல் பிரிக்கப்பட்டு 2012-இல் மீண்டும் ஒன்றானதால், இடைப்பட்ட ஆண்டுகளின் கட்டுரைகள் ஊர்ப்பெயர் ஒட்டிய தனித்தனிப் பெயர்களில் நிற்கின்றன.

இணைப்புக் கல்லூரிகளுக்கு இன்னொரு நஷ்டம். கல்லூரிப் பெயரைச் சிறிதாகவும் ‘இன்ன பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றது’ என்பதைப் பெரிதாகவும் எழுதினால், இயந்திரம் பெரிய பெயரையே பிடித்துக்கொள்ளும். என்.ஐ.ஆர்.எஃப். வெளியீட்டு எண்ணிக்கையை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் தரவுகளில் நிறுவனப் பெயரை வைத்து எடுக்கிறது. உங்கள் கல்லூரி ஆசிரியரின் உழைப்பு பல்கலைக்கழகக் கணக்கில் ஏறிவிட்டால், நீங்கள் அனுப்பும் எக்செல் அதை மீட்டுத் தராது.

ஆகவே துறை, கல்லூரி அல்லது வளாகம், பல்கலைக்கழகம், நகரம், அஞ்சல் எண், நாடு என்று ஒரே வரியை முடிவு செய்து, நகலெடுத்து ஒட்டும்படி உங்கள் இணையதள முகப்பில் போடுங்கள். ஆர்சிட்டில் பணியிடம் சேர்க்கும்போது நிறுவனப் பெயரைத் தானாக முழுக்க அடிக்காமல், நாலு எழுத்து அடித்ததும் கீழே விழும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்தால் நிறுவனத்தின் அடையாள எண்ணும் கூடவே பதிவாகும். அடித்தால் அது வெறும் எழுத்து. 2019-இல் தொடங்கிய ‘ரோர்’ என்ற ஆய்வு நிறுவனப் பதிவேட்டில் உங்கள் நிறுவனம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய பெயர், சுருக்கப் பெயர், தமிழ்ப் பெயர் எல்லாவற்றையும் மாற்றுப்பெயர்களாகச் சேர்க்கக் கோரலாம், கட்டணமில்லை. ஒரு முறை செய்யும் வேலை. டீன் அலுவலகத்தில் யாருக்காவது அரை நாள் போதும்.

இனி எக்செல். ஆர்சிட் எண்ணுக்கு 16 இடங்கள், நடுவில் மூன்று கோடுகள். கோடில்லாமல் எக்செல்லில் அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யங்களை அது தின்றுவிடும். மாதிரிக்காக ஆர்சிட் வைத்திருக்கும் கற்பனைப் பேராசிரியரின் எண் 0000-0002-1825-0097. எக்செல்லில் அது 218250097 ஆகிவிடும், 16 போய் 9 இலக்கம். ஸ்கோபஸ் எண்ணை ஒடுக்கமான பத்தியில் போட்டால் 5.72-உடன் ‘இ+10’ என்று காட்டும். அதையே நகலெடுத்துப் போர்ட்டலில் ஒட்டுபவர்களும் உண்டு. பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டுத்தான் அடிக்கவேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது.

போர்ட்டலே தவறைப் பிடிக்கலாம். ஆர்சிட்டின் கடைசி இடம் சரிபார்ப்பு இலக்கம். முதல் 15 இலக்கங்களை இடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கையிலுள்ள தொகையோடு கூட்டி இரண்டால் பெருக்கிக்கொண்டே போகவேண்டும். கடைசியில் வருவதை 11-ஆல் வகுத்து, மீதியை 12-இலிருந்து கழித்தால் சரிபார்ப்பு இலக்கம் கிடைக்கும். கழித்த விடை 10 என்றால் எக்ஸ் என்ற எழுத்து, 11 என்றால் 0, 12 என்றால் 1. மேலே சொன்ன எண்ணில் தொகை 1314, மீதி 5, விடை 7. பொருந்துகிறது. நிரல் எழுதுபவருக்குப் பத்து வரி வேலை. எக்ஸில் முடியும் எண்ணைத் தவறு என்று திருப்பியடிக்கும் போர்ட்டல்களும் இருக்கின்றன. அந்தக் கட்டத்தில் ‘எண் மட்டும்’ என்ற நிபந்தனையை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

டிஓஐக்கும் ஒரு வார்த்தை. அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. போர்ட்டல் அப்படியே ஒப்பிட்டால் ஒரே கட்டுரை இரண்டாகத் தெரியும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, முன்னால் ஒட்டியிருக்கும் இணைய முகவரியை வெட்டி, ‘10.’ என்பதிலிருந்து ஒப்பிடவேண்டும். இணையத்தில் டிசம்பரிலும் இதழில் ஜனவரியிலும் வந்த கட்டுரைக்கு இரண்டு ஆண்டு உண்டு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்தால் எந்தப் படிவத்துக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்சிட் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்கிறார்களே, என் பதிவு காலியாகத்தானே இருக்கிறது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அது நடக்கும் வரிசை இது: கட்டுரை அனுப்பும்போது ஆசிரியர் இதழின் தளத்தில் ஆர்சிட் வழியாக உள்நுழைகிறார், பதிப்பகம் அந்த எண்ணைக் கட்டுரை விவரத்தோடு, டிஓஐ பதியும் அமைப்பான கிராஸ்ரெஃபுக்கு அனுப்புகிறது, கிராஸ்ரெஃப் ஆசிரியரிடம் ஒருமுறை அனுமதி கேட்கிறது, கொடுத்துவிட்டால் அதன்பின் தானாக வரும். சங்கிலி அறுபடும் இடங்கள் மூன்று. பல இதழ்கள், இதழோடு தொடர்பு வைத்திருக்கும் ஒருவரான தொடர்பு ஆசிரியரின் எண்ணை மட்டுமே வாங்குகின்றன. இணை ஆசிரியர்கள் பதிவில் எதுவும் வராது. சிலர் உள்நுழையாமல் எண்ணைக் கையால் எழுதிக் கொடுக்கிறார்கள். மூன்றாவதுதான் அதிகம்: அனுமதிக் கடிதம் போன மின்னஞ்சலை யாரும் பார்ப்பதில்லை. ஸ்காலராக இருந்தபோது பல்கலைக்கழக மின்னஞ்சலில் பதிந்தார், படிப்பு முடிந்ததும் அது மூடப்பட்டது, இப்போது பாஸ்வேர்டை மீட்கவும் வழியில்லை. ஆர்சிட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மின்னஞ்சல் வைக்கலாம். சொந்த மின்னஞ்சல் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். கௌரவ விரிவுரையாளர்களுக்கு இது இன்னும் அவசியம்.

விடுபட்டதைச் சேர்க்க, ஆர்சிட்டில் டிஓஐயைக் கொடுத்தால் தலைப்பு, இதழ், ஆண்டு எல்லாம் வந்துவிடும். பழைய கட்டுரைகள் 40, 50 இருந்தால் ஸ்கோபஸ் இணைப்பு வழியாகவோ பிப்டெக் என்ற வகை நூற்பட்டியல் கோப்பாகவோ ஒரே மூச்சில் ஏற்றலாம்.

கூகுள் ஸ்காலரில் ஒரே ஓர் எச்சரிக்கை போதும். தானாகச் சேர்த்துக்கொள் என்ற அமைப்பை விட்டுவைத்தால் பெயர் ஒத்தவர்களின் கட்டுரைகளும் வந்து குவியும். மேற்கோள் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்திருக்கும்போது ஆய்வுக் குழு உறுப்பினர் ஒருவர், வணிகவியல் பேராசிரியர் பட்டியலில் மூட்டு அறுவை சிகிச்சை எப்படி வந்தது என்று கேட்பார். ‘மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்’ என்று மாற்றிவைக்கவேண்டும்.

தமிழ்த்துறை, வரலாற்றுத்துறைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும். மேலே சொன்ன வசதிகள் எல்லாம் டிஓஐ உள்ள ஆங்கிலக் கட்டுரைகளுக்குத்தான். தமிழ் ஆய்விதழ்கள் பலவற்றில் டிஓஐ இல்லை. நூலும் பதிப்பும் கட்டுரைத் தொகுப்புமே அங்கே முதன்மை வெளியீடு. இவர்களுடைய புரொஃபைல் காலியாகத் தெரிவதற்குக் காரணம் அவர்கள் எழுதாதது அல்ல, கட்டங்கள் அவர்களுக்காக அமைக்கப்படாததுதான். ஆர்சிட்டில் கையால் சேர்க்கும்போது தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே கொடுக்கலாம். மொழிபெயர்த்த தலைப்புக்குத் தனிக் கட்டம் உண்டு. நூலின் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுக்கும்போது அது இந்த வெளியீட்டுக்கே உரியதா, இதை உள்ளடக்கிய நூலுக்கு உரியதா என்று கேட்கும். தொகுப்பு நூலில் மூன்று கட்டுரை எழுதியவர் மூன்றுக்கும் ‘இதற்கே உரியது’ என்று போட்டால், ஒரே எண் என்பதால் ஆர்சிட் மூன்றையும் ஒரே வெளியீடாக அடுக்கிவிடும், எண்ணிக்கை ஒன்றாகிவிடும். ‘உள்ளடக்கிய நூல்’ என்று தேர்ந்தெடுக்கவேண்டும். இதழ்க் கட்டுரைக்கு ஐ.எஸ்.எஸ்.என். கொடுக்கும்போதும் அப்படியே.

எழுத்துரு இன்னொரு தொல்லை. தமிழக அரசு யூனிகோடை ஏற்று 2010-இலேயே ஆணை வந்துவிட்டது. ஆனாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை அப்படியே போர்ட்டலில் ஒட்டுகிறார்கள்; திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை தெரிகிறது. முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகு ஒட்டவேண்டும். எக்செல்லில் சாதாரண சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். சேமிக்கும் வகைகளில் ‘சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். போர்ட்டலில் தலைப்புக் கட்டம் தமிழை ஏற்கிறதா என்பதைக் கணினி மையம் ஒரே ஒரு வரி அடித்துச் சோதித்துவிடலாம்.

பதவி உயர்வுக்கு இந்தத் தரவு பயன்படவேண்டுமானால் இரண்டு கட்டங்கள் கூடுதலாகத் தேவை: ஆசிரியர் வரிசையில் எத்தனையாவது, தொடர்பு ஆசிரியரா இல்லையா. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் ஆய்விதழ்க் கட்டுரைக்கு அறிவியல், பொறியியல் புலங்களில் 8 மதிப்பெண், மொழி, கலைப் புலங்களில் 10. இருவர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு. இருவருக்கு மேல் என்றால் முதல் ஆசிரியர் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு 30. இந்த இரண்டு விவரங்களும் இருந்தால் போர்ட்டலே கணக்கைப் போட்டுவிடும். இல்லாவிட்டால் ஆசிரியர் மறுபடியும் கட்டுரையின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து, சான்றொப்பம் வாங்கி, கோப்பில் கோத்துக்கொண்டு வருவார்.

பாஸ்வேர்டுகளைத் துறை அலுவலகத்தில் ஒரு பட்டியலாகச் சேர்த்து வைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கணினி பழக்கம் குறைந்த மூத்த பேராசிரியர்களுக்கு உதவி தேவை என்பது உண்மைதான். அதற்கு ஆர்சிட்டில் நம்பகமான ஒருவரைப் பிரதிநிதியாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அவருக்கும் ஓர் ஆர்சிட் எண் இருந்தால் போதும்; தன் கணக்கில் நுழைந்தே பேராசிரியரின் பதிவைத் திருத்தலாம், வேலை முடிந்ததும் பேராசிரியர் அனுமதியை எடுத்துவிடலாம். நிறுவன இணையதளத்தில் ஆசிரியரின் பிறந்த தேதி, வீட்டு முகவரி, கைபேசி எண் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆய்வாளர் புரொஃபைலுக்கு அவை எதற்கு? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது.

வித்வானும் அதன்மேல் இயங்கும் நிறுவனப் போர்ட்டலான ஐரின்ஸும், காந்திநகரிலுள்ள யு.ஜி.சி. மையமான இன்ஃப்ளிப்நெட் நடத்துபவை. கல்வி நிறுவனங்களுக்கு ஐரின்ஸ் இலவசம். தனியாரிடம் பல லட்சம் கொடுத்து ஒரு போர்ட்டல் வாங்கும் முன், இதில் இல்லாதது எது என்று எழுதிப் பாருங்கள். அப்படியும் வாங்குவதானால் டெண்டரிலேயே சேர்க்கவேண்டியவை: ஆர்சிட்டிலிருந்து தினமும் படிக்கவேண்டும், புதிதாகக் கண்டதை ஆசிரியரிடம் ‘உங்களுடையதா?’ என்று கேட்கவேண்டும், அவர் ஆம் அல்லது இல்லை என்று அழுத்தினால் போதும், முழுத் தரவையும் எந்த நாளிலும் வெளியே எடுக்க முடியவேண்டும். கடைசி நிபந்தனையை விட்டுவிட்டால் ஒப்பந்தம் முடியும் அன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தட்டச்சு.

எப்போது செய்வது என்றால், பணியில் சேரும் நாளில், ஸ்காலர் பதிவு செய்யும் நாளில். சேர்க்கை அறிக்கையோடு ஆர்சிட் எண், தெரிவு செய்த பெயர் வடிவம், சொந்த மின்னஞ்சல் மூன்றையும் வாங்கிவிடுங்கள். ஓய்வு பெறும்போதோ விலகும்போதோ, நோ டியூஸ் படிவத்தில் ஒரு வரி: ஆர்சிட்டில் பணி முடிந்த தேதி சேர்த்தாயிற்றா, மின்னஞ்சல் மாற்றியாயிற்றா. அவருடைய பக்கத்தை நீக்கவேண்டாம்; முன்னாள் ஆசிரியர் என்று நகர்த்துங்கள், இங்கே இருந்தபோது எழுதியவை உங்கள் கணக்கிலும் உண்டு. இடையில் ஆண்டுக்கு இரண்டு பிற்பகல், துறைதோறும் நூலகர் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்தால் மிச்சமிருப்பதும் தீரும். அந்த இரண்டு நாளுக்கு வகுப்பிலிருந்து விலக்கு கொடுங்கள்.

அடுத்த சர்க்குலரை வெளியிடும் முன், இணைப்பில் உள்ள படிவத்தின் ஒவ்வொரு பத்தித் தலைப்புக்கும் பக்கத்தில், இந்த விவரம் நம்மிடம் ஏற்கனவே எங்கே இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத பத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆய்வாளர் பதிவுகளைச் சரிபார்க்கும் நூலகர்களும் ஆராய்ச்சிப் பிரிவுப் பணியாளர்களும்
சென்னை